புகார் யார் மேல்?

இங்கிலீஷ் எழுதி சம்பள உயர்வைக் கோட்டை விட்ட ஆசாமி நானாகத்தான் இருப்பேன்.

1993. மின்விசிறி விற்கும் ஒரு கம்பெனியில் வேலை. புரொபேஷன் முடிய ஒரே வாரம். கன்ஃபர்ம் ஆனால் மாசம் 200 ரூபாய் கூட வரும், தங்கை கல்யாணக் கடனுக்கு அனுப்புகிறேன் என்று அம்மாவுக்கு லெட்டரே போட்டுவிட்டேன்.

அப்போது பார்த்து ஒரு கஸ்டமர் கார்டு போட்டிருந்தார். விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறதாம். 'உங்கள் புகார் கிடைத்தது, நடவடிக்கை எடுக்கப்படும்.' இவ்வளவுதான் பதில். கம்பெனி வழக்கப்படி அது இங்கிலீஷில் போகவேண்டும். அபௌட் எங்கே போட்டாலும் நிற்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. டைப் அடித்தேன்: 'வீ ஹேவ் ரிஸீவ்ட் எ கம்ப்ளெயின்ட் அபௌட் யூ. ஆக்‌ஷன் வில் பி டேக்கன்.'

நாலாம் நாள் கதர் சட்டை, குடை சகிதம் ஒரு பெரியவர் வந்து நின்றார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.

"என் மேல யாருப்பா புகார் குடுத்தது? அந்த விசிறியா?"

ஆபீஸே சிரித்தது. மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. புரொபேஷன் இன்னும் மூன்று மாசம் நீண்டது.

விசிறியை மாற்றிக் கொடுத்துவிட்டு, பெரியவரை டீக்கடைக்கு அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். "தம்பி, ஃப்ரம்னா புகார் குடுத்தவன். அபௌட்னா மாட்டிக்கிட்டவன். அகெய்ன்ஸ்ட்னா போலீஸ் ஸ்டேஷன் வாசனை அடிக்கும். பெயர்ச்சொல்லைத் தனியா படிக்காதே, வாலோட சேர்த்துப் படி" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். தாமதத்துக்குக் காரணம், பிரச்னைக்குத் தீர்வு, காருக்குச் சேதம், அரிசிக்குக் கிராக்கி. எல்லாவற்றுக்கும் நம் நாலாம் வேற்றுமை 'கு' ஒன்றே போதும். அங்கே ரீஸன் என்றால் ஃபார். அதே காரணம் காஸ் ஆகிவிட்டால் ஆஃப். ஸொல்யூஷனுக்கும் டேமேஜுக்கும் டு. டிமாண்டுக்கு மறுபடி ஃபார். 'விலை உயர்வு' நம்மிடம் உருபே இல்லாமல் நிம்மதியாக நிற்கிறது; அவர்களுக்கு ரைஸ் இன் பிரைஸஸ். நடுவில் அந்த இன் எதற்கு? மாமியார் வீட்டுப் பழக்கம் மாதிரிதான், கேட்கக்கூடாது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. டிஸ்கஷன் என்றால் அபௌட் வேண்டும். டிஸ்கஸ் என்று வினைச்சொல் ஆனதும் வேண்டாம். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தப்பு. ஆன் எம்ஃபஸிஸோடு வரும். எம்ஃபஸைஸ் அதைச் சேர்த்துக்கொள்ளாது. 'ஆன் ஆர்டர் ஃபார் டென் ஃபேன்ஸ்' என்று எழுதலாம். 'வீ ஆர்டர்ட் ஃபார் டென் ஃபேன்ஸ்' என்று எழுதினால் பெரியவர் குடையோடு வந்துவிடுவார். பெயர்ச்சொல்லின் வாலை வெட்டி வினைச்சொல்லில் ஒட்டவைப்பது நம் ஆபீஸ் இங்கிலீஷின் ஆதி வியாதி. (உங்கள் கடைசி லீவ் லெட்டரை எடுத்துப் பாருங்கள்.)

பிளாட்பாரக் கடையில் ஹார்ன்பியின் டிக்‌ஷனரி ஒன்று, அட்டை இல்லாமல், சல்லிசாகக் கிடைத்தது. பெயர்ச்சொல் பக்கத்திலேயே அதன் வாலையும் போட்டிருந்தார் மனுஷர். ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். அந்த அகராதி 1942-ல் முதலில் வெளிவந்ததே டோக்கியோவில்தான். ஜப்பான்காரர்களும் நம்மைப் போல உருபைச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற ஜாதி. அங்கேயும் எத்தனை புரொபேஷன் நீண்டதோ!

ராத்திரி பத்துச் சொல், வாலோடு. மூன்று மாசம் விடாமல் படித்தேன்.

கன்ஃபர்மேஷன் ஆர்டர் வந்தது. அதன் தலையில் மானேஜர் கைப்பட எழுதியிருந்தார்: 'கங்கிராஜுலேஷன்ஸ் ஃபார் யுவர் கன்ஃபர்மேஷன்.'

ஆன் வரவேண்டிய இடம் சார் அது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா ஞாபகம் வரவே, பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் ஃபார் யுவர் ஹெல்ப், சார்" என்றேன்.

அதில் ஃபார் கரெக்ட்.