இலைச்சாயமும் ஒரு பழைய எழுத்தரின் ஆட்சேபணையும்

சித்திரை மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சமையலறை என் பேத்தியின் வசம் இருந்தது. அடுப்பில் இட்லிப் பானை. ஆனால் தட்டில் இட்லிக்குப் பதிலாகத் துணிச் சுருள்கள் வெந்துகொண்டிருந்தன. (அந்தப் பானை அதற்குப் பிறகு சமையலுக்குத் திரும்பவில்லை. திரும்பவும் கூடாது. சாயத்துக்கு வைத்த பாத்திரம் சாயத்துக்கு மட்டுமே.)

இலையையும் பூவையும் கொண்டு துணியிலும் தாளிலும் அச்சுப் பதிக்கும் கலை இது. பேத்தியும் அவள் தோழியும் வார இறுதிகளில் இப்படித் துப்பட்டா, கைக்குட்டை, குறிப்பேடு எல்லாம் செய்து விற்கிறார்கள். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வகுப்பும் எடுக்கிறார்கள். 2008-இல் 'ஈக்கோ கலர்' என்ற நூலை எழுதிய ஆஸ்திரேலியப் பெண்மணி இண்டியா ஃபிளின்ட்தான் இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

செய்முறை எளிது. பருத்தித் துணியைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக அலசுகிறார்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீரில் ஊறல். அதன் பின் படிகாரத் தண்ணீரில் ஊறல். நூறு கிராம் துணிக்குப் பத்துப் பதினைந்து கிராம் படிகாரம். ஈரத் துணியை விரித்துக் கொய்யா இலை, தேக்கின் இளந்தளிர், துலுக்கச் சாமந்தி இதழ் என்று பரப்பி, ஒரு குச்சியில் இறுக்கச் சுற்றி, நூலால் வரிந்து கட்டி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வைக்கிறார்கள். ஆறிய பின் பிரித்தால் இலை நரம்பு நரம்பாகத் துணியில் கிடக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய எனக்கே அதைப் பிரிக்கும்போது கை பரபரத்தது.

ஆகவே நண்பர்களே, நான் இந்தக் கலைக்கு எதிரி இல்லை. என் ஆட்சேபணை வேறு.

ஒரு நாள் பேத்தி என் மனைவியின் சந்தன நிறப் பருத்திப் புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மனைவி போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "தாத்தா, பாட்டி வச்ச கொய்யா மரத்து இலையையே இதுல பதிச்சுத் தரட்டுமா?" என்றாள். மறுக்க மனம் வரவில்லை. ஆனால் பக்கத்தில் அவள் வைத்திருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டேன். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த தண்ணீர். அதில் துணியை நனைத்தால் இலையின் வடிவம் கறுப்பாக, எடுப்பாக விழும். "இரும்புத் தண்ணி வேண்டாம்மா" என்றேன். "ஏன் தாத்தா? எல்லாமே இயற்கைதானே?" என்றாள்.

அந்த 'எல்லாமே இயற்கைதானே' என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேடுகள் சில இருந்தன. அந்தக் கால மையை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? மாசிக்காயில் உள்ள துவர்ப்போடு அன்னபேதி உப்பைச் சேர்ப்பார்கள். துவர்ப்பும் இரும்பும் கூடினால் கறுப்பு. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் படப் படக் கறுக்கும். நீரில் எளிதில் கரையாது, சுரண்டினாலும் தடம் இருக்கும். அதனால்தான் அரசாங்கப் பத்திரங்களுக்கு அதை நம்பினார்கள். ஆனால் அந்த மையில் அமிலம் உண்டு, மிச்ச இரும்பும் உண்டு. இரண்டும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் தாளை மெல்ல அரித்துவிடும்.

எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்த பக்கங்களை என் கையால் புரட்டியிருக்கிறேன். ஒருவர் தன் பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடி வந்தார். புதுச்சேரியில் அந்தப் பதிவுக்கு என்ன மதிப்பு என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையே அதில் தொங்கும். பக்கம் கிடைத்தது. பெயர் பாதிதான் கிடைத்தது. மீதிப் பாதியை மை தின்றுவிட்டது. அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பார்வை இன்னும் என் நினைவில் இருக்கிறது.

பேத்தியின் பாட்டிலில் இருந்ததும் அதே சரக்குதான். கடுக்காயின் துவர்ப்பு, ஆணியின் இரும்பு. "கலம்காரிக் கறுப்பும் இதுதானே தாத்தா?" என்று அவள் மடக்கினாள். உண்மைதான். துருப்பிடித்த இரும்பு, பனைவெல்லம், தண்ணீர் மூன்றையும் புளிக்கவைத்துச் செய்வார்கள். ஆனால் பழைய சித்திரத் துணிகளில் முதலில் இற்றுப் போவதும் அந்தக் கறுப்புக் கோடுகள்தான். சிவப்பு இருக்கும், நீலம் இருக்கும், கறுப்பு இருந்த இடம் பொடியாகும்.

வாய்ச் சண்டை வேண்டாம், சோதித்துப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. என் பழைய வேட்டியைக் கிழித்து ஆறு துண்டுகள் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயம். பாதித் துண்டைக் கோப்பு அட்டையால் மூடி, மொட்டைமாடியில் வெயிலில் கட்டினோம். நான் பழைய பழக்கத்தில் நோட்டுப் போட்டுத் தேதி வாரியாகக் குறித்தேன்.

மஞ்சள்: நான்காம் நாளே வெளுத்தது. பத்தாம் நாள் வெயில் பட்ட பாதியில் ஒன்றும் இல்லை. சோப்புப் பட்ட மூலை சிவந்துபோனது தனிக் கதை.

பீட்ரூட்: முதல் அலசலிலேயே பெரும்பகுதி தண்ணீரோடு போனது.

செம்பருத்தி: முதலில் அழகான ஊதா. சோப்புப் பட்டதும் பச்சை. வெயிலில் பிறகு சாம்பல்.

சங்குப்பூ: நீலம். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் இளஞ்சிவப்பு. ஒரு வாரத்தில் மங்கல்.

துலுக்கச் சாமந்தி, படிகாரத்தோடு: முப்பது நாளில் கொஞ்சம் சோர்ந்தது, ஆனால் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

கடுக்காயும் இரும்பும்: கருஞ்சாம்பல் நிறம். முப்பது நாளில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இல்லை. அதன் கேடு முப்பது நாளில் தெரிவதில்லை, முப்பது வருடத்தில் தெரிவது.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூட நினைவு வந்தது. நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். வரலாற்றுப் பாடத்தில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் வருவார். அவர் 1669-இலும் 1671-இலும் சாயத் தொழிலுக்குச் சட்டதிட்டங்கள் வகுத்தார். துவைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் போகாத சாயம் ஒரு வகை. போய்விடும் சாயம் இன்னொரு வகை. முதலாவது 'பொன் தேன்', இரண்டாவது 'பெத்தி தேன்'. நல்ல சாயம், சின்னச் சாயம் என்று பொருள். ஒரு வகையைச் செய்கிற சாயக்காரர் மற்றதில் கை வைக்கக் கூடாது. பின்பெஞ்சுப் பையன்கள் நாங்கள் 'பொன்னும் தேனும்' என்று சொல்லிச் சிரித்து வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். கொண்ட கொள்கையில் மாறாதவரைப் பிரெஞ்சில் இன்றைக்கும் 'பொன் தேன்' என்று சொல்வது வழக்கம்.

அந்தச் சட்டம் போட்ட காலத்தில் ஐரோப்பாவில் எல்லாச் சாயமும் இலை, வேர், பட்டை, பூச்சி இவற்றிலிருந்துதான் வந்தது. எல்லாமே இயற்கை! ஆனாலும் 'இயற்கை' என்ற சொல் அவர்களுக்குப் போதவில்லை. நிற்குமா, போகுமா என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்கள்.

நம் சோழமண்டலக் கரையின் பெயரும் இதில்தான் நின்றது. இங்கே இருந்த இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, சித்திரத் துணி செய்யும் முறையை 1742-இல் ஒரு கடிதத்தில் விவரமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். கடுக்காயும் எருமைப் பாலும் சேர்த்து ஊறவைப்பது, படிகாரத்தால் வரைவது, சாயவேரில் கொதிக்கவைப்பது எல்லாம் அதில் வருகின்றன. சொல்லிக் கொடுத்தவர்கள் இந்த ஊர்ப் பக்கத்துச் சாயக்காரர்கள். அந்த நாளில் பிரான்சு இந்தச் சித்திரத் துணிகளுக்கு 1686 முதல் 1759 வரை தடை போட்டிருந்தது. தடையை மீறியும் மக்கள் தேடி வாங்கினார்கள். காரணம் பூ வேலைப்பாடு மட்டும் இல்லை. துவைத்தாலும் சாயம் போகாது என்பதுதான்.

அந்தக் கரையில் இருந்துகொண்டு, பத்து நாளில் போகும் செம்பருத்திச் சாயத்தை 'பாரம்பரிய இயற்கைச் சாயம்' என்று சொல்லி விற்பது எனக்கு உறுத்துகிறது.

இயற்கை என்றால் கெடுதல் இல்லை என்பதும் பாதி உண்மைதான். பச்சைச் சாயல் வரவேண்டும் என்று சிலர் மயில்துத்தம் போடுகிறார்கள். அதுவும் கடையில் பொட்டலமாகத்தான் கிடைக்கிறது. மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினால் மீனுக்கும் தவளைக்கும் அது விஷம். மேலே மிதக்கும் பூ இதழ்கள் அதை மாற்றிவிடாது.

தாளுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் பூவிதழ் பதித்த கைக்காகிதத்தில் வாழ்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பருத்திக் கந்தலில் செய்த தாள். இன்னும் உறுதியாக இருக்கிறது. இதழ்கள் மட்டும் பழுப்பாகி, சுற்றிலும் கறை இறங்கி, இரண்டு கையெழுத்துகள் அந்தக் கறைக்குள் போய்விட்டன. அதில் ஒருவர் இப்போது இல்லை. அழைப்பிதழுக்கும் புத்தக அடையாளத்துக்கும் இலைச்சாயத் தாள் அருமையானது. பேரனின் பிறந்த நேரத்தையும் குடும்ப வரலாற்றையும் தயவுசெய்து அதில் எழுதி வைக்காதீர்கள்.

என் யோசனை இதுதான். இலைச்சாயப் பொருள் எதுவானாலும் அதோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும். நான்கே வரி. எந்த இலை, எந்தப் பூ, சாயம் பிடிக்க என்ன சேர்த்தது, எப்படித் துவைப்பது, நிறம் நிற்குமா, மங்குமா.

பேத்தி உடனே கேட்டாள்: "மங்கும்னு நானே எழுதினா யார் தாத்தா வாங்குவாங்க? கடையில விக்கிற துணியும்தான் சாயம் போகுது. அவங்களை யாரும் கேக்கறதில்லையே." நியாயமான கேள்வி. அவள் சொல்வதில் இன்னொரு நியாயமும் உண்டு. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனதை நாம் பார்த்தோம். அதைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைகள் இலையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் பெரிய ஆலையோடு விலையில் இவர்களால் போட்டி போட முடியாது. அளவிலும் முடியாது. ஒரு துப்பட்டாவுக்கு ஒரு நாள் உழைக்கிறார்கள். அந்த உழைப்புக்கு விலை கொடுக்க வருபவர், இவர்கள் சொல்வதை நம்பி வருகிறார். இரண்டாம் துவையலில் அந்த நம்பிக்கை போனால் திரும்ப வரமாட்டார். பக்கத்துக் கடையில் உண்மையாகவே நல்ல சாயம் போட்ட பெண்ணிடமும் போகமாட்டார். மங்கும் சாயம் குற்றம் இல்லை. கோலம்கூட மறுநாள் இருப்பதில்லை. யாரும் அதற்காகக் கோலத்தைக் குறை சொல்வதில்லை. மங்கும் என்று தெரிந்து வாங்கியவர் அதை நிழலில் காயவைப்பார், மங்கிய பின் மறுபடி சாயம் போடக் கொண்டுவருவார். தெரியாமல் வாங்கியவர் ஏமாந்தேன் என்பார்.

இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரும்புத் தண்ணீர் பாட்டிலை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

புடவைக்குக் கடுக்காய், படிகாரம், கொய்யா இலை, முந்தானையில் மட்டும் துலுக்கச் சாமந்தி. இரும்பு இல்லாததால் இலைகள் எடுப்பாக விழவில்லை. வெளிறிய தேநீர் நிறத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. மனைவிக்கும் பளிச்சென்ற நிறங்கள் பிடிக்காது.

புடவை மடிப்புக்குள் வைக்கச் சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. நான்கு வரி எழுதினேன். கடைசி வரியில் 'நாளடைவில் மங்கும். வெயிலில் போட வேண்டாம்' என்று போட்டேன். பேனாவை எடுத்த பேத்தியைத் தடுத்துப் பென்சிலால் எழுதினேன். பென்சில் கரி வெளுக்காது, தாளையும் தின்னாது. பழைய பதிவேடுகளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் குறித்து வைத்தவை எல்லாம் அப்படியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.