காற்றை எடுத்தால் போதுமா?

“காத்தை உறிஞ்சி கவரை ஒட்டிட்டா, சாம்பார் வெளியிலேயே ரெண்டு நாள் தாங்குமாமே?” - வேக்குவம் சீலர் வாங்கிய கையோடு இப்படிக் கேட்கிறீர்களா? வேண்டாம் இந்த விஷப்பரீட்சை!

காற்றில்லாவிட்டால் பூஞ்சையும் வண்டும் எளிதில் வராது. முந்திரி சிக்கு வாடை அடிக்காது. வாஸ்தவம்தான். ஆனால், ‘க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்ற கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் கொண்டாட்டம். சாம்பார் கொதித்தாலும் அதன் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். ஈரமும் மிதமான சூடும் கிடைத்தால் விஷம் கக்கும். அந்த விஷம் மூச்சுவிடும் தசைகளையே முடக்கிவிடும். கெட்ட வாடைகூட வராமல் போகலாம். முகர்ந்து பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது.

ரவை, பருப்பு, காபித்தூள், முந்திரி - நன்றாக உலர்ந்ததைத் தாராளமாக சீல் செய்யுங்கள். சமைத்ததென்றால், சூடு ஆறியதும் சீல் செய்து உடனே ஃப்ரிட்ஜில், 4 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் வையுங்கள். அதிக நாள் வேண்டுமா? ஃப்ரீஸர்தான். உரித்த பூண்டு, பச்சைக் காளான் பக்கமே போகாதீர்கள். உறைந்த மீனைக் கவரைப் பிரித்த பிறகே ஃப்ரிட்ஜில் இளக விடுங்கள்.

கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டதா? ‘அதான் சீல் இருக்கே’ என்று யோசிக்காமல், சமைத்ததைக் கொட்டிவிடுங்கள். மெஷின் காற்றைத்தான் எடுக்கும், கிருமியை அல்ல!