மூளைக்குக் காந்த வைத்தியம்: யந்திரம் மட்டும் வந்தால் போதுமா?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி பஸ் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. வருகிறவர்களில் பெரும்பாலோர் குளித்து மகிழ வருகிறார்கள். நோய் தீர வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. புத்தி கலங்கியவரை அருவிக்குக் கீழே நிறுத்தினால் பித்தம் தெளியும் என்பது நம் பக்கத்தில் பரம்பரையாக வரும் நம்பிக்கை.

அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் உடம்புக்குச் சுகம்தான். ஆனால் மனநோய்க்கு அது மருந்து அல்ல. இப்போது டாக்டர்கள் நோயாளியின் தலைக்கு மேல் வேறு ஒன்றை வைக்கிறார்கள். அது காந்தம்!

சென்னை, பெங்களூர் போன்ற பெரிய நகரங்களில் இந்தக் காந்த வைத்தியம் நடக்கிறது. டி.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தென்காசிக்கும் இது வர வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமே. ஆனால் முதலில் வரவேண்டியது எது? யந்திரமா? அதை இயக்கத் தெரிந்த ஆளா?

அடுப்பும் மூளையும்

இண்டக்சன் அடுப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் நெருப்பு இல்லை. கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது காந்த சக்தி கிளம்புகிறது. அது கண்ணாடியைத் தாண்டிச் சென்று, பாத்திரத்தின் அடியில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. பாத்திரம் சுடுகிறது. இந்த உண்மையை 1831-ல் கண்டுபிடித்தவர் மைக்கேல் பாரடே. இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகன்.

1985-ல் அதே இங்கிலாந்தில், ஷெபீல்ட் நகரில், அந்தோணி பார்க்கர் என்ற விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும் கம்பிச் சுருளை மனிதனின் தலைமேல் வைத்தார்கள். காந்த சக்தி மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குள் சென்றது. கை தானாகத் துள்ளியது! கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. (அடுப்பைப்போல மூளை சுட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு துடிப்பும் கண் இமைப்பதைவிட மிகக் குறைந்த நேரமே நீடிக்கிறது.)

மாத்திரை சாப்பிட்டும் குணமாகாத மனச்சோர்வு நோய்க்கு இந்த வைத்தியத்தை 2008-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. 2018-ல் கனடா நாட்டு டாக்டர்கள் 414 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு வெளியானது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. மீதிப் பாதிப் பேருக்கு அந்த அளவு பலன் இல்லை. ஆகவே, "ஒரே வாரத்தில் நிச்சயம் குணம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

காந்த வளையல், காந்தப் படுக்கை என்று ஊர் ஊராக விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சும்மா கிடக்கும் காந்தம் மூளையில் மின்சாரத்தை உண்டாக்காது.

கட்டை விரல் சொல்லும் கணக்கு

இந்த யந்திரத்தைப் பணம் இருந்தால் வாங்கிவிடலாம். பொத்தானை அழுத்தவும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். கஷ்டம் அதற்கு முன்னால் இருக்கிறது.

ஒவ்வொரு தலைக்கும் அளவு வேறு. முதலில், கையை அசைக்கும் மூளைப் பகுதியின் மேல் சுருளை வைத்து, சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கிறார்கள். எந்த அளவில் நோயாளியின் கட்டை விரல் துடிக்கிறதோ, அதுதான் அவருக்குரிய அளவுகோல். பிறகு தலையை நாடா வைத்து அளந்து, நெற்றிக்கு இடது பக்கம் உரிய இடத்தைக் குறிக்கிறார்கள். சுருள் சற்று நகர்ந்தாலும், கோணம் மாறினாலும் சக்தி வேறு இடத்துக்குப் போய்விடும். நோயாளி காசு கொடுத்துத் தலைவலியை வாங்கிப் போவார்!

தலைக்குள் உலோகம் இருக்கிறதா, காதுக்குள் கேட்கும் கருவி பதித்திருக்கிறதா, வலிப்பு வந்தது உண்டா என்று கேட்காமல் சுருளைத் தொடக் கூடாது. சிகிச்சையின்போது வலிப்பு வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. வந்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2021-ல் ஒரு சர்வதேச டாக்டர்கள் குழு, யார் யாருக்கு எந்தப் பயிற்சி என்று வகுத்துச் சொன்னது. யந்திரத்தை இயக்குபவர், டாக்டர், ஆராய்ச்சியாளர் என்று மூன்று பிரிவு. இந்திய மனநல டாக்டர்கள் சங்கமும் 2023-ல் இந்த வைத்தியத்துக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது.

ஆராய்ச்சியாளருக்கு என்ன தனிப் பயிற்சி? குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் குளித்தவர் தெளிவாக இருக்கிறார். குணம் தந்தது தண்ணீரா? ஓய்வா? கூட இருந்த சொந்தபந்தமா? காந்தத்துக்கும் இதே கேள்வி உண்டு. அதனால் போலிச் சுருள் ஒன்று வைத்திருக்கிறார்கள். சத்தம் வரும், சக்தி வராது. பாதிப் பேருக்கு நிஜச் சுருள், பாதிப் பேருக்குப் போலி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, குணத்தை அளக்கும் டாக்டருக்கும் தெரியாது. அப்படிப் பார்த்து வந்த முடிவுதான் நம்பத் தக்கது.

பீடி சுற்றும் பெண்ணுக்கு எப்படிக் கிடைக்கும்?

இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், நாலு முதல் ஆறு வாரம் வர வேண்டும். பழைய முறையில் ஒரு தடவைக்கு முப்பத்தேழரை நிமிஷம் ஆகும். புதிய முறையில் மூன்றே நிமிஷம்!

தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆயிற்று. ஆனால் 1965-ல் ஏற்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி திருநெல்வேலியில்தான் இருக்கிறது. ஐம்பது கிலோ மீட்டருக்கு மேல் தூரம். அங்கே இந்தச் சிகிச்சை கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண், மூன்று நிமிஷ வைத்தியத்துக்காக இருபது நாள் போய் வந்தால் இரண்டாயிரம் கிலோ மீட்டர் பஸ்ஸில் போகவேண்டும். கூலி போகும். துணைக்கு வரும் கணவனின் கூலியும் போகும். ஐந்தாம் நாளே நின்றுவிடுவாள். பாதியில் நின்றால் பலன் கிடைக்காது.

2019-ல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர் கூட இல்லை. எனவே மூன்று பிரிவில் முதல் பிரிவை, அதாவது யந்திரத்தை இயக்கும் நர்சையும் உதவியாளரையும், உள்ளூரிலேயே தயார் செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். டாக்டர் அளவைக் குறித்துக் கொடுத்து மேற்பார்வை பார்க்கட்டும். தினசரிச் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற நர்ஸ் தென்காசியிலேயே கொடுக்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களுக்கு இங்கிருந்து நாலு பேரை அனுப்பிப் பயிற்சி கொடுத்து அழைத்து வர ஆகும் செலவு, யந்திரத்தின் விலையோடு பார்த்தால் மிகச் சிறியது. அதைச் செய்யாமல் யந்திரத்தை மட்டும் இறக்கினால், உறை போட்டு மூலையில் நிற்கும்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017-ம் ஆண்டுச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்துவிட்டது. சங்கிலி போனது சரி. அந்தக் குடும்பங்கள் நோயாளியை எங்கே அழைத்துப் போவது?

இப்போதைக்கு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய சர்க்காரின் இலவச மனநலச் சேவை. தமிழிலேயே பேசலாம். காந்த சிகிச்சைக்கு யாராவது பணம் கேட்டால், முதலில் மூன்று கேள்வி கேளுங்கள்: சிகிச்சை தேவை என்று முடிவு செய்தது மனநல டாக்டர்தானா? சுருளைப் பிடிப்பவர் எங்கே பயிற்சி பெற்றார்? வலிப்பு வந்தால் பார்க்க ஆள் இருக்கிறதா?