கம்பெனிக் காவலா, உள்ளூர்க் காவலா? எது உண்மையில் மலிவு?

இரணியல், திங்கள்சந்தை, தக்கலை வட்டாரத்தில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். பெரிய இரும்பு கேட், டைல்ஸ் ஒட்டிய மதில், இரண்டு மாடி. உள்ளே ஆள் இருக்காது. இருந்தால் வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும். பிள்ளைகள் துபாயிலோ மஸ்கட்டிலோ சென்னையிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள மூலையில் ஒரு கேமரா.

அந்தக் கேமராவை யாரிடம் வாங்குவது என்பதுதான் வீட்டுக்கு வீடு விவாதம். நாடு முழுக்க விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனத்திடமா, திங்கள்சந்தையில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் பையனிடமா? பணம் அனுப்புகிறவர் கடல் தாண்டி உட்கார்ந்து விளம்பரத்தைப் பார்க்கிறார். வாங்கி மாட்டியதும் "கம்பெனி சாமானாக்கும்" என்று ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு ஐந்து வருடத்தில் எவ்வளவு ஆகிறது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை!

கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது?

2022ல் ஏர்டெல் 'எக்ஸ்சேஃப்' என்ற வீட்டுக் கேமரா சேவையை 40 நகரங்களில் அறிமுகம் செய்தது. அப்போது அறிவித்த விலை: கேமரா 2,499 ரூபாயிலிருந்து, ஆண்டுச் சந்தா முதல் கேமராவுக்கு 999, கூடுதல் கேமரா ஒவ்வொன்றுக்கும் 699. நான்கு கேமரா என்றால் வாங்க 9,996 ரூபாய். சந்தா வருடத்துக்கு 3,096. ஐந்து வருடத்துக்கு மொத்தம் 25,476 ரூபாய்.

உள்ளூர்க் கடையில் நான்கு கேமரா, ரெக்கார்டர், ஹார்ட் டிஸ்க், கேபிள், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வருடத்திலிருந்து பராமரிப்புக்கு வருடம் 2,000. ஐந்து வருடத்துக்கு 28,000.

ஆக, கம்பெனிதான் 2,524 ரூபாய் மலிவு! பலர் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

முதலாவது, இவை இரண்டும் ஒரே சரக்கு அல்ல. சந்தாக் கேமராவுக்கு இன்டர்நெட் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் சரி. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் கேமராவுக்காகவே இணைப்பு எடுத்தால், மாதம் 500 என்று வைத்தாலும் ஐந்து வருடத்தில் 30,000 ரூபாய். கேமராவுக்குக் கொடுத்ததைவிட அது அதிகம்! உள்ளூர்க்காரர் வைக்கும் ரெக்கார்டர் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பதிவு செய்துகொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து பார்க்கத்தான் முடியாது.

இரண்டாவது, இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. இடி இடித்தால் அடாப்டர் போகும். குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும். கேமரா நின்றுவிட்டால் கம்பெனிக்காரருக்கு போன் செய்து, ஒன்றை அமுக்கி, இரண்டை அமுக்கி, புகார் எண் வாங்கி, ஆள் வரக் காத்திருக்க வேண்டும். 75 வயது அம்மாவால் இது ஆகுமா? கேமரா ஓடாத நாளுக்கும் சந்தா ஓடும். திங்கள்சந்தைப் பையன் பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவான். அந்தப் பைக்தான் 2,524 ரூபாய்க்குக் கிடைக்கிற சரக்கு.

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் மறைக்கக் கூடாது. திருட வருகிறவன் ரெக்கார்டரையே தூக்கிக்கொண்டு போனால், உள்ளூர் முறையில் ஆதாரமும் சேர்ந்து போகும். சந்தாக் கேமராவின் பதிவு வெளியே சர்வரில் இருக்கும். ஆனால் ரெக்கார்டரைப் பூட்டிய பெட்டிக்குள், கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்ல ஆயிரக்கணக்கில் செலவு இல்லை. கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஆள் காவல்

இரவும் பகலும் காவல் என்றால் 12 மணி நேர ஷிப்டில் குறைந்தது இரண்டு பேர். ஆளுக்கு மாதம் 12,000 என்றால் 24,000. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 4,320. ஆண்டுக்கு 3,39,840 ரூபாய். ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய உள்ளூர் ஏஜென்சி ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை. அங்கே அதே வேலைக்கு 2,88,000. வரியில் மட்டும் 51,840 ரூபாய் வித்தியாசம். தெருவில் 20 வீடு சேர்ந்தால் வீட்டுக்கு மாதம் 1,200தான்.

ஆனால் இந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பி.எஃப். கட்ட வேண்டும். சின்ன ஏஜென்சிக்கு அது இல்லை. 12 மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெரியவரின் வயிற்றிலிருந்து பிடுங்கித்தான் மலிவாகத் தருகிறார்கள் என்றால், அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், உரிமம் இல்லாமல் காவலாளி அனுப்பக் கூடாது என்கிறது. உரிமக் கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000. உள்ளூர்க்காரனுக்காகச் சட்டமே ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. காவலாளியின் நடத்தை விசாரணையும் பயிற்சியும் அதே சட்டத்தில் இருக்கின்றன. 5,000 ரூபாய் கட்ட மனமில்லாதவனிடம் வீட்டு வாசலை ஒப்படைப்பது என்ன புத்திசாலித்தனம்?

உள்ளூர் என்றால் மட்டும் போதுமா?

போதாது. இதற்கு இரணியலிலேயே சாட்சி இருக்கிறது. வேணாட்டு மன்னர்களின் இரணியல் அரண்மனை பல காலம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, கூரை விழுந்து, புதர் மண்டிப் பாழானது. பிறகுதான் தமிழக அரசு சீரமைப்பில் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மாநில எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிற அரசு காப்பாற்றியது, ஊருக்குள் கிடந்தது பாழானது! காரணம் தூரம் அல்ல. அங்கே தினமும் பூட்டைத் திறந்து மூட ஆள் இருந்தது, இங்கே இல்லை. பெயர்ப்பலகை எந்த ஊர் என்பதைவிட, வந்து பார்க்கிற ஆள் உண்டா என்பதுதான் கேள்வி.

உள்ளூர்க் கடைக்காரர்களிடம் இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்று, "பில் வேண்டாம்னா வரியைக் குறைச்சுத் தாறேன்" என்பது. 20,000 ரூபாய்க்கு 3,600 மிச்சம் என்று வாங்குகிறவரும் சிரிக்கிறார். பில் இல்லை என்றால் வாரண்டி இல்லை, வழக்கும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. மும்பைக் கம்பெனியானாலும் நாகர்கோவிலுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். அந்த ஆயுதத்தை 3,600 ரூபாய்க்கு விற்கிறார்கள்! ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கடைக்காரரும் வரி போடாமல் பில் தரலாம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இரண்டாவது, பாஸ்வேர்டைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது. இது பெரிய கம்பெனியில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஏடிடி நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன், வாடிக்கையாளர்களின் கணக்குகளில் தன் மின்னஞ்சலையும் சேர்த்து வைத்து, சுமார் 200 வீடுகளின் கேமராவை 9,600 தடவைக்கு மேல் பார்த்தார். 2021ல் சிறைத் தண்டனை கிடைத்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் ஏணியில் ஏறுகிறவன் ஒரு தனி ஆள்தான்.

ஆகவே இரணியல் போன்ற ஊருக்கு உள்ளூர்க்காரர்தான் சரி. ஆனால் "நம்ம பையன்" என்ற சலுகை வேண்டாம். பில் வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். பாஸ்வேர்டை வீட்டுக்காரர் முன்னால் மாற்றிக் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராவுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சான்று கட்டாயம் என்பதால், அந்த மாடலுக்குச் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். ஆள் காவல் என்றால் உரிமத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போது போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவதற்குக் காசே இல்லை!

இதையெல்லாம் கேட்டால் உள்ளூர்க்காரர் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும். தனியாக இருக்கிற அம்மா இரவில் கூப்பிட்டால் எடுக்கிற போனுக்குத்தான் அந்த விலை.