குறை கேட்கவா, ஒட்டுக் கேட்கவா?

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் இருந்து அமோனியா வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி, பிள்ளை குட்டிகளோடு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அதே மாதம்தான் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து எண்ணூர் கழிமுகத்தை நாசமாக்கியது.

கறுத்துப்போன படகையும் வலையையும் மீனவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். ஊரே பார்த்தது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, குறை சொல்லப் போகிறவர் கையில் உள்ள ஒரே ஆயுதம் இந்த செல்போன்தான். மனு யாரிடம், கூட்டம் எங்கே, சாட்சி யார்? எல்லாம் அதற்குள்தான். அந்த செல்போனே உளவாளி ஆகிவிட்டால்?

வீண் பயம் இல்லை இது! 2021 ஜூலையில் 'பெகாசஸ்' விவகாரம் வெடித்தது. இஸ்ரேல் கம்பெனி தயாரித்த உளவு மென்பொருள் அது. எதையும் தொடாமலே போனுக்குள் புகுந்துவிடும். பேச்சு, படம், கடிதம் எல்லாவற்றையும் அள்ளும். குறி வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட எண்களின் பட்டியலில் மே 17 இயக்கம் திருமுருகன் காந்தியின் எண்ணும் இருந்ததாகச் செய்தி வந்தது. எண் இருந்ததாலேயே உளவு நடந்தது என்று ஆகிவிடாது. ஆனால் உண்மை என்ன?

சுப்ரீம் கோர்ட்டு குழு போட்டது. 29 போன்களைச் சோதித்ததில் ஐந்தில் ஏதோ உளவு மென்பொருள் இருந்தது; பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதை 2022 ஆகஸ்டில் கோர்ட்டே தெரிவித்தது. மடியில் கனம் இல்லை என்றால் வழியில் பயம் ஏன்?

சேர்த்து வைக்கும் தகவலாவது பத்திரமா? 2024 மே மாதம், தமிழ்நாடு போலீசின் முக அடையாள இணையதளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்துவிட்டார்கள்!

"தப்பு செய்யாதவனுக்கு என்னப்பா பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. குற்றவாளியைப் பிடிக்க ஒட்டுக் கேட்கும் அதிகாரம் வேண்டியதுதான். அதற்கும் முறை இருக்கிறது. உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும்; மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு, ஒரு லஞ்ச வழக்கில் போட்ட ஒட்டுக் கேட்பு உத்தரவையே ரத்து செய்தது. பொது அவசர நிலையோ, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாமல் ரகசியமாகக் கேட்க முடியாது என்றது. லஞ்ச வழக்குக்கே இந்தக் கட்டுப்பாடு. சாம்பல் கொட்டாதே என்று மனு கொடுக்கும் மீனவரின் போனைத் தொட யாருக்கு உரிமை?

ஆலைக்குள் கசிவு என்றால் முதலில் தெரிவது அங்கே வேலை பார்க்கும் தொழிலாளிக்கு. தன் போன் பத்திரம் இல்லை என்று நினைத்தால் அவர் வாய் திறப்பாரா? வயிற்றுப் பிழைப்பு ஆயிற்றே! அவர் வாய் மூடினால், அடுத்த கசிவு நம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

வருஷத்துக்கு எத்தனை போன்கள் ஒட்டுக் கேட்கப்படுகின்றன, மறுஆய்வுக் குழு எத்தனையை நிராகரித்தது என்ற கணக்கை அரசு சட்டசபையில் வைக்க வேண்டும். பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

கண்காணிக்கத்தான் ஆசை என்றால், வடசென்னையில் புகைபோக்கிகள் நிறைய இருக்கின்றன. அங்கே ஆரம்பிக்கட்டும்!