தவளை பாடத்தில் விடுபட்ட அம்புக்குறி



தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். முட்டை, தலைப்பிரட்டை, இளந்தவளை, முதிர்ந்த தவளை என வட்டம் வரைந்து அம்புக்குறி இடுகிறோம். முதிர்ந்த தவளையிலிருந்து மீண்டும் முட்டைக்குச் செல்லும் அம்புக்குறியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அது தொடங்குவது குரலில். மழை பெய்த இரவில் ஆண் தவளை கத்துகிறது. பெண் தவளை தன் இனத்தின் குரலை இருளில் அடையாளங்கண்டு நாடி வருகிறது.

அந்தக் குரலைக் களைக்கொல்லி கெடுக்கக்கூடும். அமெரிக்காவில் சோளப் பயிருக்கு மிகுதியாகத் தெளிக்கப்படும் அத்திரசின் என்னும் களைக்கொல்லியை பெர்க்கிளி பல்கலைக்கழகத்தின் டைரோன் ஹேய்ஸ் ஆராய்ந்தார். நூறு கோடியில் ஒரு பங்கு கலந்த நீரில் வளர்ந்த ஆண் தவளைகளின் குரல்வளை சிறுத்தது என 2002ஆம் ஆண்டில் அவர் குழு வெளியிட்டது. 2010ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. இரண்டரைப் பங்கு கலந்த நீரில் வளர்ந்த 40 ஆண்களுள் பத்து விழுக்காடு பெண்ணாகவே மாறி முட்டையிட்டன. அமெரிக்கக் குடிநீரில் அனுமதிக்கப்பட்ட அளவோ மூன்று பங்கு!

தயாரிப்பு நிறுவனம் இம்முடிவுகளை மறுத்தது. அது அளித்த ஆய்வுகளை ஏற்று, இனப்பெருக்க உறுப்புகளுக்குப் பாதிப்பில்லை என அமெரிக்க அரசு 2007இல் கூறியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2004இலேயே அம்மருந்தை விலக்கிவிட்டது. ஐயம் இருக்கும்போது விலக்குவதே முறை என்பது என் கருத்து.

'மருந்து' என்றேன் பாருங்கள். தோட்டத்தில் நஞ்சுக்கு நாம் இட்ட பெயர் அது. நம் தாய்மார்கள் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட் வேறு வகை நஞ்சு. அதனை நிறுத்துவதாக மலேசியா 2002இல் அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 சனவரி முதல் நாளில்தான் முழுமையாகத் தடைசெய்தது. ஆள் சாகும் நஞ்சுக்கே இத்தனை ஆண்டுகள். அத்திரசின் கலந்த நீரில் தவளை சாகவில்லை. குளத்தில் உயிரோடுதான் இருந்தது. அதற்காக யார் வழக்குரைப்பார்?

பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடக்கும்போது கால்வாயோரப் புல்லுக்கு மருந்தடித்துவிட்டால் வேலை விரைவில் முடியும் என்று பெற்றோர் சிலர் சொல்வதுண்டு. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆயினும் மண்வெட்டியால் செதுக்குவோம். அரை நாள் கூடுதலாகும், அவ்வளவே. அடுத்த மழை இரவில் மாணவர்கள் தத்தம் வீட்டருகே எத்தனை வகைக் குரல் கேட்கிறது என்று எழுதிவரட்டும். ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் அதையே எழுதட்டும்.