ஒருவழி விசுவாசம்

2018 ஜூலை 18. கனடாவின் டொரான்டோ நகரில் நடுக் கோடை. கூடைப்பந்து சீசன் தொடங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அன்று வெளியான ஒரு செய்தி ரசிகர்களைத் துக்க வீட்டு மனநிலைக்குத் தள்ளிவிட்டது. உள்ளூர் அணியான டொரான்டோ ராப்டர்ஸ், ஒன்பது ஆண்டுகளாகத் தனக்காக ஆடிவந்த டிமார் டிரோசனை அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கவாய் லியோனார்டை வாங்கிக்கொண்டது. டிரோசனுடன் யாகோப் போல்டில் என்ற இளம் ஆட்டக்காரர் போனார். லியோனார்டுடன் டேனி கிரீன் வந்தார். சுத்தமான பண்டமாற்று.

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகிய இந்திய ரசிகர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. என்.பி.ஏ. எனப்படும் வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகிலும் இது அன்றாட நடைமுறைதான். ஆட்டக்காரர் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை அணி அப்படியே வேறோர் அணிக்குத் தள்ளிவிடலாம். அவருடைய சம்மதம் தேவையில்லை. 'என்னை மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவும் ஒரு வழி உண்டு. ஆனால் லீகில் எட்டு ஆண்டும் அதே அணியில் நான்கு ஆண்டும் ஆடியவர்தான் அதைக் கேட்கவே முடியும். டிரோசன் 2016இல் தன் கடைசி டொரான்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது ஆடி முடித்திருந்தது ஏழே ஆண்டுகள்.

பிறகு ஏன் இத்தனை கண்ணீர்? அதைப் புரிந்துகொள்ள டொரான்டோவின் பழைய காயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 30 அணிகள் கொண்ட லீகில் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஒரே அணி ராப்டர்ஸ். குளிர் அதிகம், ஊர் அந்நியம், அமெரிக்கத் தொலைக்காட்சி கண்டுகொள்வதில்லை என்று நட்சத்திரங்கள் அங்கே தங்கத் தயங்குவார்கள் என்பது பொதுவான பேச்சு. நடந்ததும் அப்படித்தான். டிரேசி மெக்ரேடி 2000இல் போனார். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய வின்ஸ் கார்ட்டர் 2004இல் போனார். கிறிஸ் பாஷ் 2010இல் போனார்.

பாஷ் போன அதே கோடையில், 20 வயதான டிரோசன் கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். ஓர் ஆண்டு மட்டுமே ஆடியிருந்த பையன் சொன்ன வார்த்தையை அன்று பலர் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவர் சொன்னதைச் செய்தார். 2016இல் எந்த அணிக்கும் போகும் சுதந்திரம் வந்தபோது, வேறு யாரையும் சந்திக்காமல் டொரான்டோவுடனேயே ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார். மதிப்பு 13.9 கோடி டாலர். பணம் குறைவில்லைதான், ஆனால் சொந்த ஊரான காம்ப்டன், கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டொரான்டோவாசிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். பஞ்சாபியரும் கரீபியரும் பிலிப்பினோக்களும் ஈழத்தமிழரும் வேரூன்றிய ஊர் அது. அந்த ஊருக்கு வந்து, பிடித்துப்போய், இங்கேயே இருக்கிறேன் என்று சொன்ன ஒருவரை அவர்கள் வெறும் ஆட்டக்காரராகப் பார்க்காததில் வியப்பில்லை. 2018 பிப்ரவரியில் தனக்கு மனச்சோர்வு இருப்பதை டிரோசன் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் துணிவு மற்ற ஆட்டக்காரர்களையும் பேச வைத்தது. ரசிகர்களை அவரிடம் இன்னும் நெருங்க வைத்தது.

நிர்வாகத்தின் கணக்கு வேறு. டிரோசன் தலைமையில் அணி லீக் ஆட்டங்களில் வெல்லும். பிளே ஆஃபில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்டிடம் சரணடையும். 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டும் இதே கதை. கடைசி இரண்டு முறை ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 2018இல் 59 வெற்றிகளுடன் அணி தன் சாதனையைத் தானே முறியடித்திருந்தும் முடிவு மாறவில்லை. பயிற்சியாளர் டுவேன் கேசி மே மாதம் நீக்கப்பட்டார். ஜூனில் அவருக்கே லீகின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. அடுத்த பலி டிரோசன்.

அணித் தலைவர் மசாய் உஜிரி எடுத்தது சூதாட்டம். லியோனார்டு காயத்தால் முந்தைய சீசனில் ஆடியது ஒன்பதே ஆட்டங்கள். ஓர் ஆண்டில் அவர் கிளம்பிவிடலாம் என்பதும் தெரிந்ததே. போகிறவருக்காக இருக்கிறவரை விற்பதா என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்தனர். கோப்பை வேண்டுமானால் இதுதான் வழி என்றனர் மற்றவர்கள். இரு தரப்பும் ஒத்துப்போனது ஒரு விஷயத்தில்: தன்னை மாற்றமாட்டார்கள் என்று நம்பவைக்கப்பட்டதாக டிரோசன் சொன்னது எல்லோரையும் சுட்டது. பேச்சில் ஏற்பட்ட இடைவெளிக்காக உஜிரி செய்தியாளர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார்.

கார்ட்டர் போனபோது ரசிகர்களின் கோபத்துக்கு ஓர் இலக்கு இருந்தது. பத்து ஆண்டுகள் அவர் வந்தபோதெல்லாம் கேலிக் கூச்சல் எழுப்பித் தீர்த்துக்கொண்டார்கள். விட்டுப்போகிற ஆட்டக்காரருக்குத் துரோகி என்று பெயர். விற்றுவிடும் அணிக்கு என்ன பெயர்? வியாபாரம் என்று பெயர். விசுவாசம் ஒரு பக்கத்திடம் மட்டுமே எதிர்பார்க்கப்படுகிறது என்பது அந்தக் கோடையில் பலருக்கு முதல்முறையாக உறைத்தது.

2019 பிப்ரவரி 22 அன்று டிரோசன் ஸ்பர்ஸ் சீருடையில் டொரான்டோவுக்கு வந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கையில் ஸ்பர்ஸ் ஒரு புள்ளி முன்னிலை. பந்து டிரோசன் கையில். அதைப் பறித்துக் கொண்டுபோய்க் கூடையில் அறைந்தவர், வேறு யார், லியோனார்டு. டொரான்டோ 120-117 என்று வென்றது. இந்தக் கொடுத்து வாங்கலின் நியாயமும் குரூரமும் அந்தச் சில விநாடிகளில் அடங்கிவிட்டன.

ஜூன் 13 அன்று ராப்டர்ஸ் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை வீழ்த்தித் தன் முதல் கோப்பையை வென்றது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் லியோனார்டு. அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். எதிர்பார்த்ததுதான் என்பதால் அவர்மீது யாரும் கல் எறியவில்லை.

உஜிரியின் கணக்கு சரியாகிவிட்டது. அதனால் ஜூலை மாதத்துக் கண்ணீர் பிழையாகிவிடுமா? ஆகாது. கணக்கு சரியாக இருக்கலாம். கடன் தீர்ந்ததாக அர்த்தமில்லை. 675 ஆட்டங்கள், 13,296 புள்ளிகள் என அணியின் சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபடியே டிரோசன் டொரான்டோவை விட்டுப் போனார். அந்தக் கோப்பையில் அவர் கை படவில்லை. தங்க யாரும் விரும்பாத ஊர் என்ற பெயரை அந்த அணியிடமிருந்து துடைத்தவர்களில் அவர் முக்கியமானவர். எதிரணிச் சீருடையில் வந்தவருக்காக எழுந்து நின்ற ரசிகர்கள் அதை மறக்கவில்லை. அணி தர முடியாத விசுவாசத்தை அன்று அவர்கள் தந்தார்கள்.